அடைப்புக்குறிக்குள் வயது

தமிழ் நாளிதழ்களில் இரண்டு வகையானவர்கள் பேசுகிறார்கள். முதல் வகைக்குப் பெயர் கிடையாது. ‘கட்சி வட்டாரங்கள் தெரிவித்தன’, ‘தலைமைச் செயலக வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்’, ‘பெயர் வெளியிட விரும்பாத மூத்த நிர்வாகி ஒருவர் கூறினார்’ என்று வருவார்கள். இரண்டாம் வகைக்குப் பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வயது உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு என்பதும் பெரும்பாலும் உண்டு. முதல் வகையினர் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்வார்கள். இரண்டாம் வகையினர் தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். முதல் வகையில் ஆண்களும் இரண்டாம் வகையில் பெண்களும் அதிகம் இருப்பது தற்செயல் என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன்.

கும்பகோணம் பகுதியில் ஒரு நாளிதழுக்குச் சில வருடங்கள் பகுதிநேர நிருபராக இருந்தேன். வீடு தாராசுரம். மாதச் சம்பளம் கிடையாது. வெளியாகும் செய்திக்கும் படத்துக்கும் இவ்வளவு என்று கணக்கு. பண்டிகை மலருக்கும் தலைவர் பிறந்தநாள் சிறப்பிதழுக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல், பத்திரிகை யாரிடம் செய்தி கேட்கிறது என்று பேசுவதில் அர்த்தமில்லை. காலையில் யாரிடம் செய்தி கேட்டேனோ, மாலையில் அவரிடமே கால்பக்க விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர்கள் யார்? ஒன்றியச் செயலாளர், ஒப்பந்ததாரர், ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, தனியார் பள்ளித் தாளாளர். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் கூடை தூக்கும் பெண்கள் எந்தக் காலத்திலும் வாழ்த்து விளம்பரம் கொடுத்ததில்லை.

2021 மே 2 அன்று வாக்கு எண்ணிக்கை. மூன்று முறை அழைத்தால் ஒருமுறை எடுக்கும் ஒருவர் அன்று மதியம் தானாகவே அழைத்து, “என்னம்மா, சாப்பிட்டாச்சா?” என்றார். பத்து வருடமாக எங்களுக்குச் செய்தி கொடுத்துவந்த வேறொருவர், “இனிமே எங்ககிட்ட என்னம்மா இருக்கு, விடு” என்று வைத்துவிட்டார். அலுவலகத்திலிருந்து வந்த முதல் கேள்வி, “புது நம்பரெல்லாம் வாங்கிட்டியா?” என்பதுதான். மே 7 அன்று புதிய அமைச்சரவை பதவியேற்றது. தலைமைச் செயலாளராக இறையன்பு வந்தார். அதன்பின் ஆட்சியர்களும் காவல் கண்காணிப்பாளர்களும் வரிசையாக மாற்றப்பட்டார்கள். என் கைபேசியில் ‘அரசியல்’ என்று குறித்து வைத்திருந்த எண்களில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று வாரத்தில் பயனற்றுப் போயின. புதிய எண்கள் வந்தன.

அந்தப் பட்டியலை அப்போது ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஆள் மாறியிருந்தது, ஆளின் வகை மாறவில்லை. ஒரு ஒன்றியச் செயலாளர் போய் இன்னொரு ஒன்றியச் செயலாளர். ஒரு உதவியாளர் போய் இன்னொரு உதவியாளர். மொத்தப் பட்டியலிலும் பெண்கள் மூன்று பேர். ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு மகளிர் காவல் நிலைய ஆய்வாளர், ஒரு தலைமையாசிரியை. அவர்களிடம் நான் அரசியல் கேட்டதே இல்லை. இன்னொரு விஷயமும் அன்றுதான் உறைத்தது. 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு 50 சதவீத இடம். எங்கள் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பெண்கள் ஊராட்சித் தலைவர்கள் ஆனார்கள். ‘தலைவர்’ என்று போட்டு நான் சேமித்திருந்த அந்த எண்கள் எல்லாம் அவர்களுடைய கணவர்களின் எண்கள். ஒரு பெண் நிருபரின் கைபேசி இது. உலகச் செய்திகளைக் கண்காணிக்கும் ஆய்வு ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. செய்தியில் பேசுகிறவர்களிலும் பேசப்படுகிறவர்களிலும் பெண்கள் 1995இல் 17 சதவீதம், 2015இல் 24, 2020இல் 25 என்று அது கணக்கிட்டது. என் கைபேசி அந்தக் கணக்கைவிட மோசம்.

பெயரில்லாத வட்டாரங்களை நம்பி நாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்பதற்கு 2016–17ஐ விடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் கிடையாது. 2016 செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 அன்று இறந்தார். இடையில் 75 நாள். மாநிலத்தை ஆள்பவர் நினைவோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில், மருத்துவமனை அறிக்கைகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தை வட்டாரங்கள் நிரப்பின. இட்லி சாப்பிட்டார், பேசினார், கோப்புகளைக் கேட்டார். டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் படித்துச் சொல்பவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கேட்டார்: “இட்லி சாப்பிடுற ஆளு, ஜன்னல்ல வந்து ஒரு கும்புடு போடக்கூடாதா?” இதை நான் செய்தியாக எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. ஒரு கிழவியின் சந்தேகம் எப்படிச் செய்தியாகும்?

2017 செப்டம்பரில் மதுரையில் ஒரு பொதுக்கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், யாரும் அவரைப் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். தலைப்புச் செய்தியானது. கேலிப் படங்கள் வந்தன. ஆனால் ஒரு வருடத்துக்கு முன் அந்த இட்லியை நமக்கு ஊட்டிய வட்டாரம் யார், அதை நம்பி அச்சிட்டது எப்படி என்று என் கண்ணில் பட்ட எந்தப் பத்திரிகையும் வாசகருக்குக் கணக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. பெயரில்லாதவரிடம் போய் ஏன் பொய் சொன்னாய் என்று எப்படிக் கேட்பது?

நடுவில் 2017 பிப்ரவரி. பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் அமர்ந்த 7ஆம் தேதியிலிருந்து பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்ற 18ஆம் தேதி வரை பன்னிரண்டு நாள். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று காலைக்கு ஒரு கணக்கும் மாலைக்கு ஒரு கணக்கும் வந்தன. ஒவ்வொரு கணக்கும் அதைச் சொன்னவருக்கு லாபம். தங்கள் பக்கம் ஆள் வருகிறது என்ற செய்தியே ஆளைக் கொண்டுவரும் நாட்கள் அவை. ஆட்சி மாறும் நேரத்தில் வட்டாரத்தின் பேச்சு, நடந்ததைச் சொல்வதோடு நிற்பதில்லை. நடக்க வேண்டியதை நடத்தவும் அது பயன்படுகிறது. அதற்குத்தான் நாம் பெயர் மறைக்கும் சலுகையைத் தருகிறோம்.

இனி நான் செய்த காரியம்.

2021 மே 7 அன்று ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. எல்லாப் பத்திரிகையிலும் பஸ்ஸுக்குள் சிரிக்கும் பெண்கள் படம். மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு. பஸ் நின்றது. தொற்று குறையாத 11 மாவட்டங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுவதும் அடங்கியதால், வேறு மாவட்டங்களில் பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் எங்களுக்கு ஓடவில்லை. ஜூலை 5ஆம் தேதிதான் வந்தது. ஆக எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த உத்தரவு இரண்டு நாள் இருந்தது, பிறகு எட்டு வாரம் காகிதத்தில் இருந்தது. அந்த எட்டு வாரமும் ‘பெண்கள் வரவேற்பு’ என்ற செய்தி மட்டும் நிற்கவில்லை. நானும் ஒன்று எழுதினேன். ஒரு பெண்ணையும் கேட்காமல் எழுதினேன்.

ஜூலையில் பஸ் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரம், மார்க்கெட் வாசலில் ஒரு அக்காவிடம் பேசினேன். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. விடியுமுன் கீரை, வாழைப்பூ, கொத்தவரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கும்பகோணம் தெருக்களில் விற்றுவிட்டு வருபவர். அவர் சொன்னது இது: “ஃப்ரீன்னு சொன்னதுலேர்ந்து நாங்க கூட்டமா நின்னா வண்டி தள்ளிப் போயி நிக்கிது. ஓடிப்போயி ஏறுறதுக்குள்ள கெளம்பிடுது. தனியார் வண்டிக்குக் காசு குடுத்துத்தான் போறேன். ஆனா நல்லதுதான் பண்ணியிருக்காங்க, அத சொல்லாம இருக்கக் கூடாது. எம் மருமவ கைல இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவ காசு கேக்க வேண்டியதில்ல.” ஒரு திட்டத்தைப் பற்றி இவ்வளவு சரியாக, இரண்டு பக்கமும் விட்டுவிடாமல், எந்த அதிகாரியும் என்னிடம் பேசியதில்லை.

எழுதி அனுப்பினேன். வழக்கப்படி பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, தெரு. கூடையோடு படம். அலுவலகத்தில் தலைப்பை மாற்றி, ‘கட்டணமில்லாப் பயணம்: பெண்கள் மகிழ்ச்சி; கூடுதல் பஸ் இயக்கக் கோரிக்கை’ என்று போட்டிருந்தார்கள். வண்டி தள்ளிப் போய் நிற்பது கடைசி வரியில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்திருக்கிறார். தெருவில் புதிதாகச் செல்வாக்கு வந்த ஆள். “கவர்மெண்டு மாறி ரெண்டு மாசம்தான் ஆவுது, அதுக்குள்ள யாரு சொல்லிக்குடுத்துப் பேசுன?” என்று கேட்டிருக்கிறார். அவருக்கு வரும் விதவை உதவித்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிரட்டல் என்று சொல்ல முடியாத ஒரு வார்த்தை. பஸ்ஸில் நடத்துனரும் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மார்க்கெட்டில் பார்த்தபோது, “ஒம் பேரு வந்துச்சா கண்ணு, அந்தப் பேப்பர்ல?” என்று மட்டும் கேட்டார். வரவில்லை. பகுதிநேர நிருபருக்குப் பெயர் போடுவதில்லை. ‘நமது நிருபர்’ என்றுதான் இருக்கும். அதே நாள் முதல் பக்கத்தில், சில அதிகாரிகள் மாற்றப்படலாம் என்று ‘கோட்டை வட்டாரங்கள்’ சொல்லியிருந்தன. அந்த இதழில் வட்டாரத்துக்குப் பெயர் இல்லை, எனக்குப் பெயர் இல்லை. அவருக்கு மட்டும் பெயர், வயது, தெரு, முகம்.

இதை நான் ஒரு கவனக்குறைவு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். பெயரை மாற்றிப் போட்டிருக்கலாம், அவ்வளவுதானே என்று. ஆனால் பெயர் போடுவதற்குப் பத்திரிகையில் ஒரு காரணம் சொல்வார்கள்: நம்பகத்தன்மை. பெயரும் ஊரும் இருந்தால்தான் வாசகர் நம்புவார். சரி, அப்படியானால் வட்டாரத்தை எப்படி நம்புகிறார்? வட்டாரம் சொன்னால் பதவியே பிணை. கூடைக்காரப் பெண் சொன்னால் அவர் தன்னையே பிணை வைக்க வேண்டும். பொய் சொன்னால் லாபம் அடையக்கூடியவருக்கு மறைவிடம். உண்மை சொன்னால் நஷ்டப்படக்கூடியவருக்கு வெளிச்சம். பெயர் மறைக்கும் வழக்கம் யாருக்காக உண்டானது என்று இதழியல் பாடப்புத்தகத்தில் படித்தால், பலவீனமானவரைப் பலமானவரிடமிருந்து காப்பாற்ற என்று இருக்கும். நடைமுறையில் அது தலைகீழாக நிற்கிறது. ஆட்சி மாறும் மாதங்களில் இன்னும் கூடுதலாக. எந்தக் கை எவ்வளவு நீளம் என்று தெருவில் யாருக்கும் தெரியாத நேரம் அது.

தத்துவத்தில் இதற்குக் கொஞ்சம் உதவி இருக்கிறது. மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில் ‘சாட்சிய அநீதி’ என்று ஒன்றைப் பேசுகிறார். ஒருவர் பெண் என்பதாலோ சாதியாலோ தோலின் நிறத்தாலோ அவர் பேச்சுக்கு உரிய நம்பிக்கையைத் தராமல் குறைப்பது, அறிகிறவர் என்ற அவருடைய தகுதிக்கே இழைக்கும் தீங்கு. அவருக்கு முன்பே எட்வர்ட் கிரெய்க் ஒரு வேறுபாட்டைச் சொல்லியிருந்தார்: தகவலைத் தருகிற மனிதர் வேறு, தகவல் எடுக்கப்படும் பொருள் வேறு. எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். அரசலாற்றுப் பாலத்தின் தூணில் வெள்ளம் ஏறிய கறை இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தூணிடம் யாரும் கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் சிரிக்கும் பெண்ணின் படம் அந்தக் கறை மாதிரி. திட்டம் வந்துவிட்டதற்கு அடையாளம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது தெரியும் என்று படத்தை எடுத்தவர் நினைக்கவில்லை.

பஸ் தள்ளிப் போய் நிற்கிறது என்பதைப் பெண்கள் முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எப்போது முறையான செய்தியானது தெரியுமா? பெண் பயணிகளிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், நிறுத்தத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கும் நடத்துனர்களுக்கும் அதிகாரிகளிடமிருந்து அறிவுறுத்தல் வந்தபோது. அதுவரை புகார், அதற்குப் பிறகு தகவல். 2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடி மேடையில் ‘ஓசி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதையொட்டிக் கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசி வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடு என்று நடத்துனரிடம் அடம்பிடித்த காணொளி பரவியது. விவாதம் உடனே அவர் எந்தக் கட்சி, யார் தூண்டினார்கள் என்று திரும்பிவிட்டது. தூண்டியிருக்கவும் கூடும். ஆனால் கூவத்தூர் கணக்கைச் சொன்ன வட்டாரத்தை யார் தூண்டினார்கள் என்று இதே வேகத்தில் நாம் கேட்டோமா?

டெல்டா செய்தியில் ‘விவசாயிகள் கூறியதாவது’ என்று வந்தால் யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். 2021 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தபோதும் வந்தது. பேசியவர்கள் சங்கத் தலைவர்கள், நிலம் வைத்திருக்கும் ஆண்கள். நாற்று பறித்து நடவு நடும் பெண் எங்கள் பத்திரிகைத் தமிழில் விவசாயி இல்லை. அவர் ‘நடவுப் பணியில் ஈடுபட்ட பெண்கள்’. படத்துக்குக் கீழே வரும் வரி.

யாருடைய பேச்சு சாட்சியம் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ரத்தம் சிந்திய வரலாறு இருக்கிறது. 1967இல் காங்கிரஸ் போய் திமுக வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தாரர்களை விடுவித்தபோது, பெரும் நிலபுலன் உள்ள இவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் உயர் நீதிமன்றம் சொன்னது. நிலமே பிணை. நான் என் பஸ் செய்தியை அதோடு ஒப்பிடவில்லை, அந்தத் துணிச்சல் எனக்கில்லை. யாரை நம்பலாம் என்பதை ஆள் நிற்கும் இடத்தை வைத்து முடிவு செய்யும் பழக்கம் ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப் பத்திரிகை நண்பர்களிடம் சொன்னால் இரண்டு பதில் வரும். ஒன்று, அரசாணையில் என்ன இருக்கிறது என்று கூடைக்காரப் பெண்ணிடமா கேட்க முடியும்? முடியாது, ஒப்புக்கொள்கிறேன். என்ன கையெழுத்தானது என்பதை அலுவலகம்தான் சொல்ல வேண்டும். கையெழுத்தானது நடக்கிறதா என்பதை அலுவலகம் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டு, ஒரே செய்தியாக்கி முடிப்பதுதான் தவறு. இன்னொரு பதில், அப்படியானால் எல்லாச் செய்தியிலும் இரண்டு பெண்களின் கருத்தைச் சேர்த்துவிடுவோம் என்பது. இது எனக்கு அதைவிடப் பயம். ‘பெண்கள் கருத்து’ என்று கட்டம் கட்டி நாலு முகம் போடும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. எப்படி உணர்கிறீர்கள் என்றுதான் அதிலும் கேட்பார்கள். என்ன பார்த்தீர்கள், எத்தனை நாளாக, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று ஒரு ஆணையர் சொன்னதைச் சரிபார்ப்பதற்காக ஒரு பெண்ணிடம் போன நிருபரை நான் பார்த்ததில்லை. நானும் போனதில்லை.

எனக்கே விடை தெரியாத இடமும் இருக்கிறது. அந்த 75 நாளும் ஜெயலலிதாவின் படுக்கையருகே செவிலியர்கள் இருந்தார்கள். என்ன நடக்கிறது என்பது கட்சி வட்டாரத்தைவிட அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வெளியே பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமா? நோயாளியைப் பற்றி வெளியே சொல்லாதிருப்பது அவர்கள் தொழிலின் நேர்மை. முதலமைச்சர் என்றாலும் அவரும் படுக்கையில் கிடந்த ஒரு பெண்தான், அவர் உடம்பு அவருடையது. பிறகு ஆறுமுகசாமி ஆணையம் கூப்பிட்டபோது, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில், செவிலியர்களும் போய்ச் சாட்சி சொன்னார்கள். தெரிந்தவர்கள் கடமைக்காக வாயை மூடியிருந்தார்கள். தெரியாதவர்கள் இட்லி கதை சொன்னார்கள். நாம் இரண்டாமவர்களை ‘நம்பத்தகுந்த’ என்ற அடைமொழியோடு அச்சிட்டோம். எல்லா மௌனத்தையும் உடைத்துவிட வேண்டும் என்று நான் ஒருகாலத்தில் பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த அக்காவின் உதவித்தொகை நிற்கவில்லை. வாசலுக்கு வந்தவர் சும்மா சொல்லிவிட்டுப் போனதுதான் போலிருக்கிறது. ஆனால் நான்கு மாதம் ஒவ்வொரு முறையும் பணம் வரும்வரை அவர் பயந்துகொண்டிருந்தார். நான் அந்த வேலையை அடுத்த ஆண்டு விட்டுவிட்டேன், வேறு காரணங்களும் இருந்தன. இப்போதும் மார்க்கெட்டில் பார்த்துக்கொள்கிறோம். அவருடைய பஸ் நிற்கிறதா என்று கேட்டேன். “இப்ப நிக்கிது, நிக்கிது” என்றார், கீரைக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டே, என் கையில் பேனா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.